பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு: வளைகாப்பு முடிந்த கையோடு செய்ய வேண்டியவை

குழந்தை பிறந்து பதினெட்டாவது நாள். மனைவியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும். கண் விழித்துப் பார்த்தால், கொக்கியில் தொங்கிய சேலைத் தூளியின் முடிச்சை அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். தொங்கிப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தாள். மறுபடி அவிழ்த்தாள். நான் எண்ணிய வரைக்கும் ஒன்பது தடவை. குழந்தையோ தூளியிலேயே இல்லை, பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் அத்தையிடம் சொன்னேன். "அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் மாப்பிள்ளை, எதுலயும் ஒரு சுத்தம் வேணும் அவளுக்கு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அது பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று தெரிந்துகொள்ள இன்னும் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தை உங்களுக்காவது மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் எப்போது போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும் என்பதை அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஒரு அப்பா.

நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரியைக் கவனிக்க வழிவழியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. காய மருந்து, பூண்டுக் குழம்பு, லேகியம், வெந்நீர்க் குளியல், காதை மூடிய துணி. குறை சொல்ல மாட்டேன், அந்த ஒத்தாசை பெரிய வரம். ஆனால் அவ்வளவும் உடம்புக்கு, மீதி குழந்தைக்கு. அவளுக்கு உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருப்பதில்லை. கீழே சொல்லும் எல்லாமே, அந்த வேலைக்கு முன்கூட்டியே ஆள் போடுவதைப் பற்றித்தான்.

பிரசவத்துக்குப் பிறகு மனசு தடுமாறுவது மூன்று ரகம்: முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரசவம் ஆன இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும். குழந்தையின் நகத்தைப் பார்த்தால் அழுகை, சாம்பாரில் உப்பு குறைந்தால் அழுகை. பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் சில நாளில் சடாரென்று இறங்கிவிடும், அதோடு தூக்கமும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இதற்கு வைத்தியம் தேவையில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லை, அல்லது ஒரு மாதம் கழித்துப் புதிதாக ஆரம்பிக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் வரும். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான கணக்கு 22 சதவீதம் என்கிறது. ஐந்தில் ஒருத்திக்கு மேல். உங்கள் தெருவில் இந்த வருடம் ஐந்து வளைகாப்பு நடந்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அழவே இல்லை. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். பசிக்கவில்லை என்பாள். குழந்தையை நேரத்துக்குக் குளிப்பாட்டுவாள், பவுடர் போடுவாள், ஆனால் முகத்தைப் பார்த்துக் கொஞ்சுவதில்லை. "வேலைக்கு வந்த ஆயா மாதிரி இருக்கு எனக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அதைக்கூட நான் அலுப்பில் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பல பேருக்கு இது தலைவலி, முதுகுவலி, உடம்பெல்லாம் அசதி என்று உடம்பு வழியாகத்தான் வெளியே வரும்.

தூளி முடிச்சு விஷயமும் இதில் சேர்ந்ததுதான். கேட்காமலே மனசுக்குள் படம் ஓடும்: குழந்தை கீழே விழுவது, கை நழுவி வாளியில் போவது, ஏன், தன் கையாலேயே ஏதாவது ஆகிவிடுவது. இப்படிப்பட்ட நினைப்பு புதுத் தாய்மார்களில் நிறையப் பேருக்கு வரும், அப்பாக்களுக்கும் வரும். வந்ததும் அவள் பதறுகிறாள், அதைத் தடுக்கத்தான் முடிச்சைப் பத்து தடவை பார்க்கிறாள். நினைப்பு வருவதாலேயே அவள் அப்படிச் செய்துவிடுவாள் என்று அர்த்தமில்லை. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் யாரும் சொல்வதில்லை. சொல்ல ஒரு காது கிடைத்தாலே பாதி பாரம் இறங்கும். ஆனால் அது ஓயாமல் வந்து தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது வேறு ரகம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனம் ஒரேயடியாகக் குழம்பும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே காத்திருக்க நேரமில்லை.

ஏழாம் மாதம்: யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பாருங்கள்

முன்பு எப்போதாவது மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்ததா? முந்தைய பிரசவத்துக்குப் பிறகு? கர்ப்பத்திலேயே மனசு சரியில்லையா? முந்தைய குழந்தை குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்ததா? முன்னால் ஒரு குழந்தை தவறியிருக்கிறதா? வீட்டில் அடி உதை உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு கர்ப்பத்திலேயே ஆலோசனை கொடுத்தால் பலருக்கு வராமலே தடுக்க முடியும்.

வேலூர் பக்கம் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அதில் தெரிய வந்த காரணங்களைப் படித்தபோது யாரோ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியது போலிருந்தது: குறைந்த வருமானம், பையன் வேண்டுமென்று இருந்து பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், கர்ப்பகாலத்தில் நேர்ந்த கஷ்டங்கள், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதது. பெற்றவர்களோடும் என்பதைக் கவனியுங்கள். அம்மா வீட்டில் இருக்கிறாள், இனி கவலையில்லை என்று நாம் கை கழுவிவிட முடியாது.

இந்த மாதத்திலேயே ஒரு ஆளை முடிவு செய்துகொள்ளுங்கள். அக்காவோ, சித்தியோ, பக்கத்து வீட்டுத் தோழியோ. தினமும் போன் செய்து குழந்தையைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றி மட்டும் கேட்பது இவர் வேலை. கணவன் கேட்டால் போதாதா என்றால், போதாது. என்னிடம் சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவேன் என்று பயந்து அவள் எல்லாவற்றையும் மறைத்தாள். அவளுடைய பெரியம்மா மகளிடம்தான் முதலில் சொன்னாள்.

தூக்கத்தைப் பங்கு போடுங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

"குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்பார்கள். நடக்கிற காரியமா? குழந்தை தூங்கும்போதுதான் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பார்க்க வந்த ஒன்றுவிட்ட மாமாவிடம் சிரிக்க வேண்டும். அவளுக்குத் தேவை, இடையில் யாரும் எழுப்பாத நாலு அல்லது ஐந்து மணி நேரத் தூக்கம். முதல் சில வாரம், பால் நன்றாக ஊறும்வரை, முழு இடைவெளி கிடைக்காது. ஆனாலும் ஒன்று செய்யலாம். பசிக்கும்போது மட்டும் குழந்தையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் மற்றவர் வேலை. அவள் விளக்கைக்கூடப் போட வேண்டாம்.

பால் நன்றாக வர ஆரம்பித்த பிறகு, ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் தனி அறையில் படுத்துவிடட்டும். அடுத்த ஒரு வேளைக்குப் பீச்சி வைத்த பாலைப் பாலாடையில் மற்றவர் புகட்டலாம். பீச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதை நம்பாதீர்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டாவது குழந்தைக்கு நாங்கள் இப்படித்தான் செய்தோம். ஒன்பதிலிருந்து இரண்டு வரை நான், அதற்குப் பிறகு அவள், விடிந்ததும் அத்தை. "ஆம்பளை ராத்திரி முழிச்சா ஆபீசுல தூங்கி விழுவான்" என்று என் அம்மா சொன்னார். விழுந்தேன்தான். வேலை போய்விடவில்லை.

சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம்

பத்தியம் இருக்கட்டும், பட்டினி வேண்டாம். சில வீடுகளில் வயிறு ஊதிவிடும் என்று தண்ணீரைக் குறைப்பார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும், பக்கத்திலேயே ஒரு செம்பு வைத்துவிடுங்கள். சத்து மாத்திரைகளைப் பிரசவத்தோடு நிறுத்தக் கூடாது, இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாதம் வரை உண்டு. ரத்தசோகை இருந்தாலும் அசதியும் சோர்வும் மனச்சோர்வு போலவே தெரியும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்பி தடுமாறுவதும் நடக்கும், அதுவும் இதே முகத்தோடுதான் வரும். அதனால் டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறைக்குள்ளேயே அடைத்து வைக்காமல் காலையில் கொஞ்ச நேரம் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார விடுங்கள். சீதளம் பிடிக்கும் என்று பாட்டி சொன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போகட்டும், சண்டை எதற்கு.

வீட்டில் பேசுகிற பேச்சு

"பால் பத்தலையோ?" இந்த ஒரு கேள்வி செய்கிற சேதம் கொஞ்சநஞ்சமல்ல. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். "நாங்கல்லாம் ஆறு பெத்தோம், இப்படியா கெடந்தோம்", "உனக்கு என்ன குறை வெச்சோம்", "அடுத்ததாவது பையனா பொறக்கட்டும்" எல்லாம் அதே வரிசை. வருகிறவர்களின் வாயை மூட முடியாது. வாசலில் ஒருவர் நின்று, "பிள்ளை இப்பதான் தூங்குது, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று திண்ணையோடு அனுப்ப முடியும். அந்த ஒருவர் கணவனாக இருந்தால் நல்லது. அவள் சொன்னால் திமிர் என்பார்கள்.

அவளிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்காதீர்கள், "ம்" என்றுதான் பதில் வரும். "நேத்து மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குன?" "கடைசியா எப்ப வாய்விட்டுச் சிரிச்ச?" "பிள்ளையைப் பத்திப் பயமா ஏதாவது தோணுதா? தோணுனா சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." இப்படிக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நான் கேட்ட கையோடு யூடியூபில் பார்த்த யோசனைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவேன், அவள் வாயை மூடிக்கொள்வாள்.

தடுப்பூசி நாளில் பத்து கேள்வி

மனச்சோர்வின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987ல் வெளியானது, பத்தே கேள்விகள், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. ஐந்து நிமிட வேலை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள், 13 தாண்டினால் தள்ளிப்போடவே வேண்டாம். இது நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடாது, போய்ப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்பது. அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

எப்போது செய்வது என்று மறந்துபோகும். குழந்தைக்கு ஊசி போடும் நாளோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்: ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், அப்புறம் ஒன்பதாம் மாதம். ஊசி அட்டையின் பின்பக்கத்திலேயே அவளுடைய எண்ணையும் எழுதி வைக்கலாம். குழந்தையின் எடையை எழுதுகிறோம், அம்மாவுடையதையும் எழுதினால் என்ன?

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது இன்னொரு முறை செய்யுங்கள். ஒத்தாசைக்கு இருந்த அம்மா இருக்க மாட்டார், சமையலும் துணியும் ஒரே நாளில் தலையில் விழும். வேலைக்குப் போகிறவர்களுக்கு 26 வார விடுப்பு முடிகிற சமயமும் இப்படித்தான்.

எங்கே போவது, என்ன சொல்வது

முதலில் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். தையலைப் பார்த்தார்கள், ஆறிவிட்டது என்றார்கள். "டயர்டா இருக்கு டாக்டர்" என்று அவள் சொன்னதற்கு, "குழந்தை பெத்தா அப்படித்தாம்மா" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு எங்கள் பக்கமும் உண்டு. களைப்பு என்று சொன்னால் டானிக்தான் கிடைக்கும்.

அடுத்த முறை துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனோம்: பிரசவமாகி எட்டு வாரம், ஆறு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, பத்து கேள்வியில் 17, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஓயாத பயம், தாய்ப்பால் கொடுக்கிறாள். உடனே மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். நீங்களும் இப்படி நாளும் எண்ணுமாகச் சொல்லுங்கள்.

கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கிராமத்தில் என்றால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகப் போகலாம். நேரில் போகத் தயக்கமா, 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். 104லும் ஆலோசனை கிடைக்கும். வீட்டில் அடி உதைதான் காரணம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

வைத்தியம் என்றதும் மாத்திரைதான் என்று பயப்பட வேண்டாம். லேசான, நடுத்தரமான சோர்வுக்குப் பேச்சு வழி சிகிச்சையே நன்றாகக் கேட்கும். அதற்குப் பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. பாகிஸ்தான் கிராமங்களில் பயிற்சி கொடுத்த சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய்ப் பேசி, பாதிக்கப்பட்ட தாய்மார்களில் பெரும்பாலோரைத் தேற்றியதாக 2008ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மாத்திரை தேவைப்பட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமே என்ற கவலை வரும். எங்கள் வீட்டில் இதற்காகவே பத்து நாள் வீணானது. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும், பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவதும் அதைத்தான். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடக் கூடாது. நன்றாகிவிட்ட பிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

அப்பாக்களுக்கு

பத்தில் ஒரு அப்பாவுக்கும் இது வருகிறது, குறிப்பாக மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள். ஆண்களிடம் இது அழுகையாகத் தெரியாது. கோபம், ஆபீஸை விட்டு வீட்டுக்கு வரப் பிடிக்காதது, குடி. மனைவிக்குச் சோர்வு இருந்தால் கணவனுக்கும் வர வாய்ப்பு கூடும். அதே 14416 உங்களுக்கும்தான்.

உடனே ஓட வேண்டிய நேரம்

மேலே விட்டுவைத்த மூன்றாவது ரகம். இரண்டு மூன்று நாளாகத் தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. நிறுத்தாமல் பேசுகிறாள், பேச்சு சம்பந்தமில்லாமல் ஓடுகிறது. இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறாள். யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாள். இடம் நேரம் புரியவில்லை. முன்பே இருதுருவ மனநோய் (மனம் மிதமிஞ்சிப் பொங்குவதும் ஒடுங்குவதும் மாறி மாறி வரும் நோய்) இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அவளையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி என்று கிருமித் தொற்றுக் காய்ச்சலையும் இந்தக் குழப்பத்தையும் ஒரே பெயரில் சொன்னார்கள். இரண்டில் எதுவானாலும் இடம் ஆஸ்பத்திரிதான். மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது எல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், குணமாகி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாக வேண்டும் என்று அவள் சொன்னாலும் இதே அவசரம்தான். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்றுதான் பல வீடுகளில் தயங்குகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும், அதுவும் தற்காலிகமாக, தள்ளி வைக்கலாம். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்குவதற்கென்றே தனி வார்டு இருக்கிறது.

ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். எங்கள் இரண்டாவது குழந்தைக்கு, ஸ்கேன் பார்த்த அன்றே பழைய சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டோம். தூளி கட்டுகிற வேலையை இந்த முறை நானே எடுத்துக்கொண்டேன். "கட்டிட்டேன், நீ வந்து ஒரு தடவை இழுத்துப் பாரு" என்றேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனாள். மணி ஒன்பது.